மருந்துக்கு அடங்காத சாம்பல் பூஞ்சாணம்

வட அமெரிக்கக் கண்டத்தின் பெரும்பகுதி பனியில் மூடிக் கிடக்கும் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்களிலும் அமெரிக்க நாட்டின் கீழைக் கரையோர நகரங்களில் ஸ்ட்ராபெரிப் பழம் கடைகளுக்கு வந்துகொண்டே இருக்கிறது. அதில் கணிசமான பங்கு புளோரிடா மாகாணத்திலே, டாம்பா நகருக்குக் கிழக்கே, பிளான்ட் சிட்டி என்னும் ஊரைச் சுற்றிய மணற்பாங்கான வயல்களில் விளைவது. அக்டோபர் மாதத்தில் பிளாஸ்டிக் விரிப்பிட்ட மேட்டுப் பாத்திகளில் நாற்று நட்டு, மார்ச் மாதம் வரையில் ஓயாது பழம் பறிக்கும் அவ்வூர் விவசாயிகளுக்கு உறைபனியைவிடப் பெரிய சத்துரு ஒன்று உண்டு; பழத்தின்மேல் சாம்பல் நிறத்தில் மயிரடர்ந்து படர்ந்து, தொட்ட மாத்திரத்தில் புகையாக எழும்பி, ஒரு பெட்டியில் ஒரு பழத்தைப் பற்றினால் மற்றப் பழங்களையும் விரைவில் தன்வயமாக்கிக்கொள்ளும் ஒரு பூஞ்சாணமே அது. அதைக் கட்டுப்படுத்த மனிதன் கண்டுபிடித்த மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக எவ்வாறு வலியிழந்தன என்பதும், எஞ்சியவற்றின் வலிமையைக் காப்பாற்ற இன்று என்ன செய்யப்படுகிறது என்பதும், பயிர் செய்வோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் என்பது நம் உறுதியான அபிப்பிராயம்.

விஞ்ஞானிகள் 'பாட்ரைட்டிஸ் சினேரியா' என்று வழங்கும் இந்தப் பூஞ்சாணத்துக்கு அப்பெயரைச் சூட்டி, 1794-ஆம் ஆண்டில் முறைப்படி வருணித்தவர் பெர்சூன் என்னும் அறிஞர். நம் நாட்டில் சாம்பல் நோய் என்று விவசாயிகள் சொல்லும், இலைமேல் வெண்பொடியாகப் படரும் வியாதி வேறு, இது வேறு. திராட்சை, தக்காளி, ரோஜா, கொண்டைக்கடலை, வெங்காயம், ஸ்ட்ராபெரி என்று ஆயிரத்துக்கு மேற்பட்ட தாவர இனங்களைப் பற்றக்கூடிய இதனை, 2012-ஆம் ஆண்டில் உலகத்துத் தாவரநோய் விஞ்ஞானிகளிடையே எடுக்கப்பட்ட ஒரு கணிப்பு, நெற்பயிரின் குலைநோய்ப் பூஞ்சாணத்துக்கு அடுத்தபடியாக, முக்கியத்துவத்தில் இரண்டாம் இடத்தில் வைத்தது. பிரான்சு தேசத்தின் சோத்தேர்ன், ஹங்கேரியின் தோக்காய் ஆகிய பிரதேசங்களில், காலையில் மூடுபனியும் பிற்பகலில் வெயிலும் மாறி மாறி வரும் இலையுதிர் காலத்தில், இதே பூஞ்சாணம் முற்றிய திராட்சையின் தோலை ஊடுருவி நீரை வற்றச் செய்து இனிப்பைச் செறியவைப்பதால், அங்கே விலையுயர்ந்த இனிப்பு மதுவுக்கு இதுவே மூலகாரணமாக இருக்கிறது என்பது இயற்கையின் விசித்திரங்களில் ஒன்று. ஆனால் அந்த அனுக்கிரகம் அபூர்வமானது. மற்றெல்லா இடங்களிலும் இது செய்வது அழிவே.

இதன் சுபாவத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஏனெனில் மருந்து தோற்ற கதையின் பாதி அதில் அடங்கியிருக்கிறது. உயிரோடு இருக்கும் திசுவைக் கொன்று, கொன்றதைத் தின்று வளரும் ஜாதியைச் சேர்ந்த இது, வாடிய பூவிதழ், உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் மகரந்தக் கேசரம், பாத்தியில் கிடக்கும் காய்ந்த இலை முதலியவற்றில் முதலில் குடியேறி வலுப்பெற்று, அங்கிருந்தே நல்ல திசுவுக்குள் புகுகிறது. ஸ்ட்ராபெரியைப் பொறுத்தமட்டில் பூ மலர்ந்த நாட்களே ஆபத்தான நாட்கள்: அப்போது பூவில் விழுந்த பூஞ்சாண வித்து, ஈரமும் இதமான குளிர்ச்சியும் சேர்ந்தால் முளைத்து உள்ளே சென்று, பிஞ்சு காயாகும் வரையில் அடையாளம் ஏதும் காட்டாமல் உறங்கிக் கிடந்து, பழத்தில் சர்க்கரை ஏறும் சமயத்தில் விழித்தெழுகிறது. ஆகவே பழத்தில் அழுகலைக் கண்டபின் மருந்து அடிப்பவன், பல நாட்களுக்கு முன் நடந்து முடிந்துவிட்ட ஒரு காரியத்துக்குப் பரிகாரம் தேடுகிறான். மேலும், குளிர்சாதன அறையும் இதற்கு முழுத் தடை அன்று. நீர் உறையும் நிலையை ஒட்டிய குளிரிலும் இது மெதுவாக வளர்ந்துகொண்டேயிருக்கும். ஒரு சிறு அழுகற் புள்ளியிலிருந்து எண்ணிறந்த வித்துகள் காற்றில் ஏறுகின்றன. சில நாட்களில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்த தலைமுறை தொடங்கிவிடுகிறது. இவ்வளவு பெருந்தொகையில் இவ்வளவு விரைவாக விருத்தியாகும் ஒரு ஜீவராசியில், பரம்பரை அணுக்களில் தற்செயலாக நேரும் மாறுதல்களும் அந்த அளவுக்கு ஏராளமாக இருக்கும் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

1950-களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்த காப்டான் என்னும் மருந்தும், அதற்கு முந்திய திரமும், பூஞ்சாணத்தின் உடலில் ஒரே ஓர் இடத்தை மட்டும் தாக்குவன அல்ல; அதன் ஜீவ காரியங்கள் பலவற்றை ஏககாலத்தில் குலைப்பவை. இலையின் மேற்பரப்பில் தங்கி வித்து முளைக்காமல் தடுப்பதோடு அவற்றின் வேலை முடிந்தது. உள்ளே நுழைந்துவிட்ட பூஞ்சாணத்தை அவை ஒன்றும் செய்யமாட்டா. மழையில் கழுவிக்கொண்டும் போய்விடும். இந்தக் குறைகளைக் கண்டு சலித்திருந்த உலகத்துக்கு, 1968-ஆம் ஆண்டில் வந்த பெனோமில் என்னும் மருந்து ஒரு வரப்பிரசாதமாகத் தோன்றியதில் வியப்பில்லை. செடிக்குள் ஊடுருவிப் பரவி, சொற்ப அளவிலேயே நோயை அடக்கிய அம்மருந்து, தண்ணீரில் சிதைந்து கார்பன்டாசிம் ஆகிறது. நம் ஊர் மருந்துக் கடைகளில் நெடுங்காலமாக விற்பனையாகிவரும் அதே கார்பன்டாசிம்தான். பூஞ்சாணத்தின் உயிரணு இரண்டாகப் பிரியும்போது வேண்டியிருக்கும் ஒரு புரதத்தின்மேல் போய் ஒட்டிக்கொண்டு, அந்தப் பிரிவினை நடவாமல் செய்வதே அதன் தொழில்.

பெனோமில் வந்து மூன்றே ஆண்டுகளில், 1971-ஆம் ஆண்டில், ஹாலந்து தேசத்தில் கண்ணாடி வீடுகளில் வளர்த்த சைக்கிளமன் பூச்செடிகளின்மேல், அம்மருந்தைச் சிறிதும் பொருட்படுத்தாமல் சாம்பல் பூஞ்சாணம் வளர்ந்திருப்பதை விஞ்ஞானிகள் கண்டு வெளியிட்டார்கள். மேற்சொன்ன புரதம் அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட ஒரு சரடு. அதில் 198-ஆம் இடத்தில் இருக்க வேண்டிய ஓர் அமிலத்துக்குப் பதிலாக வேறொன்று வந்து அமர்ந்தால், மருந்து ஒட்டுவதற்கு இடமில்லாமற் போய்விடுகிறது. பூஞ்சாணத்தின் வாழ்வோ குன்றுவதில்லை.

இங்கே பலரும் கொண்டிருக்கும் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்துவது அவசியம். மருந்தை அடிக்க அடிக்கப் பூஞ்சாணம் அதற்குப் பழகிப்போய்விடுகிறது என்று சொல்லுகிறார்கள், உண்மை அதுவன்று. மருந்து தெளிப்பதற்கு முன்பே, கோடிக்கணக்கான வித்துகளில் ஏதோ சிலவற்றில் அந்த மாறுதல் தற்செயலாக நேர்ந்து இருந்துகொண்டிருக்கிறது. மருந்து வந்து மற்றவற்றையெல்லாம் கொன்று, அந்தச் சிலவற்றுக்குப் போட்டியில்லாத வயலைத் தயார் செய்து கொடுக்கிறது. ஒருமுறை தெளித்தால் அவற்றின் பங்கு சற்று ஏறுகிறது. ஒரே பருவத்தில் பலமுறை தெளித்தால், அவையே வயலின் அதிபதிகளாகிவிடுகின்றன. அப்போதுதான் விவசாயி, "மருந்து கேட்கவில்லை" என்கிறான். கேட்கவில்லை என்பதற்காக அளவைக் கூட்டுகிறான். நாளைக் குறைத்து அடிக்கடி அடிக்கிறான். அந்த ஒவ்வொரு செய்கையும், தான் ஒழிக்க நினைத்த சந்ததிக்கே உதவியாக முடிகிறது.

1970-களின் நடுப்பகுதியில் இப்ரோடியோன், வின்குளோசோலின், புரோசிமிடோன் என்னும் வேறொரு வகையைச் சேர்ந்த மருந்துகள் வந்தன. ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்கள் அவற்றையே நம்பின. ஓரிரு ஆண்டுகள் நிம்மதியும் பெற்றன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஜெர்மனியிலும், அதனை அடுத்துப் பிரான்சின் ஷாம்பேன் பிரதேசத்திலும், எதிர்ப்புத் திறன் பெற்ற பூஞ்சாணம் தலைகாட்டிவிட்டது. ஆயினும் இந்த இனத்தில் ஒரு விசேஷம் இருந்தது: மருந்து நின்றவுடன் இவை சாதாரணப் பூஞ்சாணத்தோடு போட்டியிட்டு நிற்க முடியாமல் குறைந்துபோயின. பெனோமிலை எதிர்த்தவையோ, மருந்து நின்று பல ஆண்டுகள் ஆனபின்பும் குறையாமல் நிலைத்திருந்தன. ஒரு மருந்துக்கு ஓய்வு கொடுத்தால் அதன் வலிமை மீளுமா மீளாதா என்பது, அந்தந்த மாறுதல் பூஞ்சாணத்துக்கு எவ்வளவு சுமையாக அமைகிறது என்பதைப் பொறுத்தது என்ற உண்மை அப்போதுதான் தெளிவாயிற்று.

இந்தச் சரித்திரத்தில் நம் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது, 1980-களில் நடந்த ஒரு முயற்சி. பெனோமிலுக்கு அடங்காத அந்தப் பூஞ்சாணத்தையே, 198-ஆம் இடத்தில் மாறுதல் உள்ளது என்ற ஒரே காரணத்தால், கொல்லக்கூடிய ஒரு பொருள் அகப்பட்டது. டையெத்தோஃபென்கார்ப் என்பது அதன் பெயர். சாதாரணப் பூஞ்சாணத்தை அது ஒன்றும் செய்யாது. மாறிய புரதத்தின்மேல் மட்டுமே அது சென்று ஒட்டும். ஆகவே கார்பன்டாசிமையும் இதையும் சேர்த்துத் தெளித்தால், முன்னது மாறாதவற்றைக் கொல்லும், பின்னது மாறியவற்றைக் கொல்லும், தப்பிப் போக வழியே இல்லை என்று கருதி, 1987-ஆம் ஆண்டில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் அந்தக் கலவையைப் பிரயோகிக்கத் தொடங்கினார்கள். மனித அறிவு இவ்விஷயத்தில் கையாண்ட உபாயங்களுள் இதைவிட நுட்பமானது வேறொன்றும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. ஆனால் அதே 198-ஆம் இடத்தில் வேறு விதமான ஒரு மாறுதலும், 200-ஆம் இடத்தில் பிறிதொரு மாறுதலும் நேர்ந்த, எங்கோ மிகச் சிறுபான்மையாக ஒதுங்கிக் கிடந்த பூஞ்சாணங்கள், இரண்டு மருந்துகளுக்கும் அடங்காதவையாக இருந்தன. சில ஆண்டுகளுக்குள் அவை பெருகின. அந்த அருமையான உபாயமும் பயனற்றுப் போயிற்று.

அதன்பின் வந்த மருந்துகளின் வரலாற்றை விரிக்க வேண்டியதில்லை. ஊசியிலை மரங்களின் உதிர்ந்த கூம்புகளில் முளைக்கும் ஒரு சிறு காளானிடமிருந்து ஜெர்மானிய விஞ்ஞானிகள் 1977-இல் கண்டெடுத்த பொருளை முன்மாதிரியாகக் கொண்டு ஸ்ட்ரோபிலூரின் வகை மருந்துகள் பிறந்தன; பாக்டீரியம் ஒன்று சுரக்கும் பொருளை முன்மாதிரியாகக் கொண்டு ஃப்ளுடையாக்சோனில் பிறந்தது; 1990-களில் பைரிமெத்தானில், சைப்ரோடினில், ஃபென்ஹெக்ஸமிட் ஆகியனவும், 2003-இல் போஸ்காலிடும் வந்தன. ஒவ்வொன்றும் பூஞ்சாணத்தின் உடலில் ஒரே ஓர் இடத்தைக் குறிவைப்பது; அதனாலேயே பழைய காப்டானைவிட வீரியமுள்ளது; அதனாலேயே ஒரே ஒரு மாறுதலுக்குத் தோற்றுப்போகக்கூடியது.

இதற்கு மேல் ஒரு புது ஆபத்தும் சேர்ந்தது. மருந்து ஒட்டும் இடத்தை மாற்றிக்கொள்ளாமலே, உள்ளே நுழைந்த நச்சுப் பொருளை உயிரணுவுக்கு வெளியே இறைத்துத் தள்ளிவிடும் புரதங்களை மிகுதியாக உண்டாக்கிக்கொள்வதன் மூலம், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பல மருந்துகளை ஒருங்கே தாங்கிக்கொள்ளும் இனங்கள் பிரான்சு, ஜெர்மனி நாடுகளின் திராட்சைத் தோட்டங்களில் பரவியிருப்பதை 2009-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி விளக்கியது. அவ்வாறு வெவ்வேறு வழிகளில் திறன் பெற்ற இரண்டு இனங்கள் தமக்குள் கலந்து, இருவகைத் திறனையும் பெற்ற மூன்றாவது இனத்தையும் பிறப்பித்திருந்தன.

இனி அமெரிக்காவுக்குத் திரும்புவோம். தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், 10 மாகாணங்களில் 189 வயல்களிலிருந்து திரட்டிய 1,890 பூஞ்சாண மாதிரிகளைச் சோதித்து, 2015-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே இடத்தைத் தாக்கும் மருந்து வகைகளில் அந்நாட்டில் சாம்பல் பூஞ்சாணத்துக்கென அனுமதிக்கப்பட்டிருந்தவை ஏழு; அந்த ஏழு வகைகளுக்கும் அடங்காத பூஞ்சாணம், நான்கு மாகாணங்களில் ஐந்து இடங்களிலிருந்து, ஏழு மாதிரிகளில் அகப்பட்டது. 1,890-இல் ஏழு என்பது அற்பமான எண்ணிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அவை ஓரிடத்தில் பிறந்து பரவியவை அல்ல, வெவ்வேறு இடங்களில் தனித்தனியே தோன்றியவை என்று அவர்கள் கண்டதைக் கவனித்தால், இது ஒரு வயலின் துர்ப்பாக்கியம் அன்று, ஒரு முறையின் விளைவு என்பது விளங்கும். புளோரிடாவிலோ, ஸ்ட்ரோபிலூரின் ஒன்றையும் போஸ்காலிடையும் கலந்து விற்ற ஒரு மருந்து, இரண்டு பகுதிகளுக்கும் அடங்காத பூஞ்சாணமே வயல்களில் மிகுந்துவிட்டதால், சாம்பல் பூஞ்சாணத்தின்மேல் தன் பிடியை இழந்தது. பரீட்சித்துப் பார்த்ததில், குற்றத்தின் ஒரு பகுதி அந்த வயல்களிலேயே நடந்தது அன்று என்பதும் வெளியாயிற்று. பிளான்ட் சிட்டியில் நடும் நாற்றுகள் கலிபோர்னியா, வட கரோலினா, கனடா முதலிய தூரத்து நாற்றங்கால்களிலிருந்து வருகின்றன. அங்கே பலமுறை மருந்துண்டு மிஞ்சிய பூஞ்சாணம் நாற்றோடு கூடவே பயணம் செய்து, முதல் தெளிப்பு நடைபெறும் முன்பே திறன் பெற்றதாக வந்து இறங்குகிறது.

ஏரி நீரை முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்ளும் ஊரில் மடை எல்லோருக்கும் பொது; அதுபோலவே ஒரு மருந்தின் வலிமையும், அதைக் காசு கொடுத்து வாங்கியவனுடைய தனிச் சொத்து ஆகாமல், அந்தப் பிரதேசம் முழுவதற்கும் பொதுவான செல்வமாக இருக்கிறது. புட்டியில் உள்ள மருந்து இவனுடையது. அது வேலை செய்யும் என்ற நிலைமை எல்லாருடையது. ஆனாலும் அதை விரயம் செய்ததற்காக விவசாயியை மாத்திரம் குறை கூறுவது அநியாயம் என்றே நாம் கருதுகிறோம். பெட்டியில் ஒரு பழம் சாம்பல் பூத்திருந்தால் சரக்கு முழுவதையும் திருப்பி அனுப்பும் வியாபார முறைமை ஒரு பக்கமும், ஒரு மழையில் வருஷத்து முதலையே இழக்கக்கூடிய பயிர் ஒரு பக்கமுமாக நெருக்கும்போது, மேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரம் தவறாமல் மருந்து அடித்துவிட்டு உறங்கப் போகிறவனைப் பேராசைக்காரன் என்று எப்படிச் சொல்வது? அவனுக்கு வேண்டியது உபதேசம் அன்று. இன்றிரவு அடிக்காமல் விட்டால் பழம் அழுகுமா அழுகாதா என்று நம்பிக்கையோடு சொல்லக்கூடிய ஒரு கணக்கு.

அந்தக் கணக்கு இருக்கிறது. ஸ்ட்ராபெரிப் பூவில் எத்தனை மணி நேரம் ஈரம் தங்கினால், எந்த உஷ்ண நிலையில், எத்தனை பங்கு பூக்கள் நோயுறும் என்பதை ஒஹையோ மாகாண ஆராய்ச்சியாளர்கள் 1987-இல் அளந்து வெளியிட்டிருந்தார்கள். அதை ஆதாரமாகக் கொண்டு, வயல்களின் அருகே வைத்த கருவிகளின் மூலம் ஈரத்தையும் உஷ்ணத்தையும் இடைவிடாது குறித்துவந்து, அபாயம் நேரும் நாட்களில் மட்டும் விவசாயிக்குச் செய்தி அனுப்பும் ஓர் ஏற்பாட்டைப் புளோரிடா பல்கலைக்கழகத்தார் அமைத்தார்கள். வறண்ட வாரங்களில் செய்தி வராது, விவசாயி தெளிக்கமாட்டான். நாட்காட்டியைப் பார்த்து வாரந்தோறும் அடித்த வயல்களோடு ஒப்பிட்டபோது, தெளிப்புகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தும் விளைச்சல் குறையவில்லை. அதோடு, பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் காப்டான், திரம் ஆகிய பழைய மருந்துகளைக்கொண்டே சமாளித்து, வீரியமுள்ள புது மருந்துகளை, பூ மிகுதியாக மலரும் நாட்களில், அதுவும் ஈரம் நிலைக்கும்போது மட்டும் கையாள வேண்டும் என்பதும் அவர்கள் யோசனை. அரை நூற்றாண்டுக் காலம் எல்லாப் புது மருந்துகளும் வலியிழந்து வர, பழமையானது என்று ஒதுக்கப்பட்ட காப்டான் மட்டும் பெரிதும் பழுதுபடாமல் நிற்பது சிந்தனைக்கு உரியது. பல இடங்களில் ஏககாலத்தில் தாக்குவதை ஒரே மாறுதலால் தவிர்த்துவிட எந்தப் பூஞ்சாணத்துக்கும் முடிவதில்லை. ஆனால் இத்தகைய பழைய மருந்துகளின் நச்சுத்தன்மை குறித்த கவலைகளும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் திரத்துக்கு 2018-இல் அனுமதியை நீட்டிக்க மறுத்துவிட்டது.

மருந்தே இல்லாத வழிகளும் வளர்ந்துவருகின்றன. கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார், சாம்பல் பூஞ்சாணத்தோடு போட்டியிட்டு அதற்கு இடம் கொடாத ஒரு நல்ல பூஞ்சாணத்தின் பொடியைத் தேன்கூட்டின் வாயிலில் வைத்து, வெளியே புறப்படும் தேனீக்களின் கால்களில் அது ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு பூவுக்கும் போய்ச் சேரும்படி செய்து பார்த்து, 1992-இல் பலனை வெளியிட்டார்கள். எந்தப் பூ எப்போது மலர்கிறது என்பதைத் தேனீயைவிட நன்கு அறிந்த தெளிப்பான் மனிதனிடம் இல்லை. அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு பூஞ்சாணத்தைத் தேனீ வழியாகவே கொடுப்பதற்கு 2019-இல் அமெரிக்க அரசு அனுமதியும் வழங்கியது. மேற்கு வர்ஜீனியாவில் அமெரிக்க விவசாயத் துறையின் ஆராய்ச்சி நிலையத்தார் கண்ட முறை இன்னும் விந்தையானது: புற ஊதாக் கதிரை இரவில் செடியின்மேல் செலுத்தி, அதன்பின் நான்கு மணி நேரம் இருளிலேயே விட்டுவிட்டால், கதிரால் சிதைந்த தன் பரம்பரைப் பொருளைச் செப்பனிட்டுக்கொள்ள வெளிச்சத்தை எதிர்பார்க்கும் பூஞ்சாணம், அது கிடைக்காமல் மடிந்துபோகிறது. பகலில் செய்தால் இவ்வளவு பலன் இராது.

இவையெல்லாம் தூர தேசத்துச் செய்திகள் என்று நாம் இருந்துவிட முடியாது. நேபாளத்தின் தராய்ச் சமவெளியில் 1997-98 பருவத்தில் இதே பூஞ்சாணம் கொண்டைக்கடலைச் சாகுபடியைச் சீரழித்தது. அங்கே அதனை மீட்டெடுத்தது, நோய் தாங்கும் விதை, செடிக்குச் செடி அகன்ற இடைவெளி, விதை நேர்த்தி, வானிலை பார்த்துத் தேவைக்கு மட்டும் தெளிப்பு என்ற நான்கும் சேர்ந்த முறை. நம் ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக் குடில்களில் ஏற்றுமதிக்கு வளரும் ரோஜா, இரவு ஈரம் இதழில் தங்கினால், இந்தப் பூஞ்சாணத்துக்கு இரையாகிறது. சேலம், நாமக்கல் பகுதிகளில் தொடர்மழையில் ஆமணக்குக் குலையை அழுகச் செய்வது இதன் நெருங்கிய உறவான வேறொரு பூஞ்சாணம்.

ஆகவே நம் விவசாயிகளுக்கு இன்றே பயன்படக்கூடிய ஒரு செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எதிர்ப்புத் திறனைக் கண்காணிக்க 1981-இல் மருந்து உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடி அமைத்த சர்வதேசக் குழு ஒன்று, பூஞ்சாணக்கொல்லிகளை அவை தாக்கும் இடத்தைக்கொண்டு வகைப்படுத்தி, ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. அமெரிக்காவில் புட்டியின் மேலேயே அந்த எண் அச்சிடப்பட்டிருக்கிறது. கார்பன்டாசிமின் எண் 1. தயோபனேட் மீத்தைலின் எண்ணும் 1. ஒன்று கேட்கவில்லை என்று மற்றொன்றை வாங்கி வருகிறவன், பெயரை மாற்றினானே அன்றி மருந்தை மாற்றவில்லை. இப்ரோடியோனும் புரோசிமிடோனும் 2. அசாக்ஸிஸ்ட்ரோபின், டிரைஃப்ளாக்ஸிஸ்ட்ரோபின், பைராக்ளோஸ்ட்ரோபின் மூன்றும் 11. போஸ்காலிடும், அதன்பின் புதியன என்று வந்த ஃப்ளுவோபைரம், ஃப்ளக்சாபைராக்சாட் ஆகியனவும் 7. பல இடங்களில் தாக்கும் காப்டான், திரம் முதலியவற்றுக்கு எண்ணின் முன் 'எம்' என்னும் எழுத்துச் சேர்ந்திருக்கும். கடையில் மருந்து கேட்கும் விவசாயி, விலையைக் கேட்பதற்கு முன் இந்த எண்ணைக் கேட்டு, சென்ற முறை அடித்ததன் எண்ணைத் தன் கணக்குப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்து, அதே எண்ணுள்ளதை அடுத்தடுத்து வாங்காமல் இருந்தால், ஒரு காசும் அதிகச் செலவில்லாமல் வயலில் உள்ள மருந்தின் ஆயுளை நீட்டிக்கலாம். மருந்துக் கடைக்காரர்களுக்கும் வேளாண் விரிவாக்க அலுவலர்களுக்கும் இந்த எண்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும். விற்பனைச் சீட்டிலும் பெயருக்குப் பக்கத்தில் தமிழில் அந்த எண்ணை எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை நம் மாவட்டங்களில் இந்தப் பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.